“பீர் தானே!” - ஸ்ரீராமபுரம் மொட்டை மாடியில் ஒரு கோடை

பெங்களூர் என்றால் குளுகுளு ஊர் என்ற பேச்சு பழங்கதை ஆகிவிட்டது. கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 3 ஆயிரம் அடி உயரத்தில் இருக்கும் ஊர்தான். மின்விசிறி இல்லாத வீடுகள் ஒரு காலத்தில் இங்கே ஏராளம். ஆனால் 2016-ம் ஆண்டு ஏப்ரல் 24-ந் தேதி இதே ஊரில் 39.2 டிகிரி செல்சியஸ் வெயில் கொளுத்தியது. வேலூரில் இருந்து வந்தவர்களே, “இதுக்கு நம்ம ஊரே தேவலை” என்று முனகினார்கள்.

வெயில் ஏற ஏற இரண்டு இடங்களில் கூட்டமும் ஏறுகிறது. ஒன்று இளநீர் வண்டி. மற்றொன்று ஒயின் ஷாப்.

ஒயின் ஷாப்பில் மார்ச் முதல் மே மாதம் வரை கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். “கூலிங் இருக்கா?” இரவு 7 மணிக்கு மேல் போனால் கிடைக்கும் பதிலும் ஒன்றுதான். “கூலிங் இல்லை.”

கூலிங் கேட்பவர் கேட்பது பீர். விஸ்கி என்றால் முகத்தைச் சுளிக்கிறவர்கூட பீர் என்றால் ஒரு சலுகை காட்டுகிறார். “குடிக்கிறதில்லீங்க. எப்பவாவது பீர் மட்டும்” என்கிறார். வீட்டில் கேட்டாலும் அதே பதில்தான். “பீர் தானே!”

இந்தத் “தானே” எவ்வளவு தூரம் சரி? சென்ற கோடையில் ஸ்ரீராமபுரத்தைச் சுற்றிவரும் தமிழ் நண்பர்கள் நான்கு பேர் அதைக் குடித்துப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். அவர்கள் தெரிந்துகொண்டது, பீர் குடிப்பவர்களுக்கும் குடிப்பவர்களின் வீட்டாருக்கும் பயன்படக்கூடியது.

நால்வர் அணி

பெயர் போட வேண்டாம் என்பது நால்வரின் வேண்டுகோள். வீட்டில் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்கள்!

முதலாமவர், பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர். திருவண்ணாமலைப் பக்கம். வயது 42.

இரண்டாமவர், ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுத்தர். கும்பகோணத்துக்காரர். அல்சூரில் குடியிருக்கிறார். எதையும் நோட்டில் எழுதி வைக்காவிட்டால் இவருக்குத் தூக்கம் வராது.

மூன்றாமவர், கோலார் தங்கவயல், சாம்பியன் ரீப். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, தங்கவயலில் இருந்து ஆயிரக்கணக்கானவர்கள் தினமும் ரெயிலில் பெங்களூர் வந்து போகிறார்கள் அல்லவா? அவர்களில் இவரும் ஒருவர். சிக்பேட்டை ஜவுளிக் கடை ஒன்றில் எலெக்ட்ரீஷியன்.

நான்காமவர் பெரியவர். வயது 70. 1975-ல் வேலூர்ப் பக்கத்தில் இருந்து மில் வேலைக்கு வந்தவர். ஓய்வு பெற்று ஸ்ரீராமபுரத்தில் இருக்கிறார். அவர் வீட்டு மொட்டை மாடிதான் நண்பர்கள் கூடும் இடம். தண்ணீர்த் தொட்டியின் நிழல், எதிர்வீட்டு முருங்கைமரத்தின் காற்று, நான்கு பிளாஸ்டிக் நாற்காலி. அவ்வளவுதான் வசதி.

மாடி கொடுத்த பெரியவர் இரண்டு நிபந்தனை போட்டார். ஆளுக்கு ஒரு பாட்டிலுக்கு மேல் கூடாது. இரவு 8 மணிக்கு மாடி காலி ஆகிவிட வேண்டும். அவருடைய தம்பி பாக்கெட் சாராயத்தால் போனவர். கர்நாடகத்தில் சாராயம் 2007-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி ஒழிக்கப்பட்டது. தம்பி அதற்கு 2 வருஷம் முன்னாலேயே போய்விட்டார். பெரியவர் இதை அடிக்கடி சொல்வதில்லை. நிபந்தனை போட்ட அன்று மட்டும் ஒரு தடவை சொன்னார். யாரும் எதிர்ப்பேச்சு பேசவில்லை.

நோட்டுப் புத்தகம்

சனிக்கிழமைக்கு ஒரு வகை என்று ஏற்பாடு. மார்ச் இரண்டாவது வாரத்தில் தொடங்கி மே கடைசி வரை நடந்தது. எழுத்தர் 80 பக்க நோட்டு ஒன்று வாங்கி, கோடு போட்டு, கட்டம் கட்டிவிட்டார். தேதி, பெயர், சதவீதம், தயாரித்த நாள், விலை, நிறம், மணம், சுவை என்று எட்டு கட்டங்கள். ஒன்பதாவதாக ஒரு கட்டம். “இரவில் தண்ணீர் குடிக்க எத்தனை தடவை எழுந்தது?” இந்த ஒன்பதாவது கட்டத்தைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். கடைசியில் நோட்டிலேயே உருப்படியான கட்டம் அதுதான் என்று ஆகிவிட்டது.

முதலில் கூலிங் பிரச்சினை. பிரீசருக்குள் படுக்க வைத்த பாட்டில் மறந்துபோய், உறைந்து, வெடித்துச் சிதறியது முதல் வாரத்து அனுபவம். பெரியவர் வீட்டு அம்மாள் கண்ணாடித் துண்டு பொறுக்கிய அன்று மாடியில் யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டாவது வாரம் லேத்காரர் ஒரு வழி சொன்னார். பக்கெட்டில் தண்ணீர், பாதி ஐஸ், இரண்டு கை கல் உப்பு. அதில் பாட்டிலை முக்கி வைத்தால் அரை மணிக்குள் ஜில்லென்று ஆகிவிடுகிறது. உப்பு போட்ட ஐஸ் தண்ணீர், ஜீரோ டிகிரிக்கும் கீழே இறங்கும் என்பது பால் ஐஸ் வண்டிக்காரருக்கும் தெரிந்த விஞ்ஞானம்.

ஆனால் மிகவும் ஜில்லென்று குடித்தால் எந்தப் பீரும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. நாக்கு மரத்துப்போகிறது. நல்லது, கெட்டது தெரிவதில்லை. பக்கெட்டில் இருந்து எடுத்துப் பத்து நிமிஷம் விட்டுக் குடித்தபோதுதான் ஒன்றுக்கு ஒன்று வித்தியாசம் தெரிந்தது.

நாலு சரக்கு

எல்லாப் பீருக்கும் அடிப்படை நாலே நாலு சரக்குதான். முளைகட்டி வறுத்த பார்லி, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ, ஈஸ்ட், தண்ணீர். பார்லியின் மாவுச்சத்தை ஊறவைத்துச் சர்க்கரை ஆக்குகிறார்கள். அதை ஹாப்ஸ் போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். ஆறியதும் ஈஸ்ட் போடுகிறார்கள். இட்லி மாவு புளிப்பதைப் போல இங்கும் நுண்ணுயிர்தான் வேலை செய்கிறது. சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் விடுகிறது. நுரை வருவது இந்த வாயுவால்.

குளிர்ந்த நிலையில் மெதுவாகப் புளிக்கவைத்தால் “லாகர்”. நம் கடைகளில் கிடைப்பதில் பெரும்பாலும் இதுதான். சற்று வெதுவெதுப்பில் வேறு வகை ஈஸ்ட் போட்டால் “ஏல்”. பார்லியைக் காப்பிக்கொட்டை போலக் கறுக்க வறுத்தால் “ஸ்டவுட்”. பாதிக்குப் பாதி கோதுமை சேர்த்தால் கோதுமை பீர்.

நோட்டில் உள்ள குறிப்புகள் சில:

“மைல்டு லாகர். வைக்கோல் நிறம். இலேசு. கசப்பு தெரியவில்லை. வேர்க்கடலையோடு பொருத்தம். பெரியவர் அரை கிளாசோடு நிறுத்திவிட்டார்.”

“ஸ்ட்ராங். முதல் வாய் இனிப்பு. பிறகு தொண்டையில் சூடு. பாதி பாட்டிலுக்குமேல் லேத்காரர் குரல் எதிர்வீட்டுக்குக் கேட்டது.”

“பச்சை பாட்டில். மூடியைத் திறந்ததும் நாற்றம். நனைந்த நாய் மாதிரி.”

பச்சை பாட்டில் நாற்றத்துக்குக் காரணத்தைப் பெரியவர்தான் கண்டுபிடித்தார். கடைக்காரர் அந்தப் பெட்டியை வாசலில், வெயில் படும் இடத்தில் வைத்திருந்தார். ஹாப்ஸில் உள்ள ஒரு சத்து, வெளிச்சம் பட்டால் கெட்டு நாறும். பழுப்பு நிற பாட்டில் வெளிச்சத்தைத் தடுக்கும். பச்சையும் வெள்ளையும் அவ்வளவாகத் தடுக்காது. ஆகவே குற்றம் பீரின் பெயரில் இல்லை. வைத்த இடத்தில்.

இன்னொன்றும் தெரிந்தது. பீருக்கு வயது ஏறினால் மதிப்பு ஏறாது. தயாரித்து ஒரு மாதம் ஆனதும், ஐந்து மாதம் ஆனதும் ஒரே பெயரில் வாங்கிப் பார்த்தார்கள். பழையது ஈரமான அட்டைப்பெட்டி வாசம் அடித்தது. அதன் பிறகு தேதி பார்க்காமல் எழுத்தர் காசு கொடுத்ததே இல்லை.

கல்யாணி யார்?

பெரியவர் பெங்களூருக்கு வந்த காலத்தில் தமிழ்நாட்டில் மதுவிலக்கு. 1948-ல் சென்னை மாகாணம் முழுவதும் வந்த மதுவிலக்கு, 1971-ல் தளர்த்தப்பட்டு, 1974-ல் மறுபடியும் அமலுக்கு வந்திருந்தது. ஜோலார்பேட்டை தாண்டி, பங்காருபேட்டை தாண்டி வேலைக்கு வந்த பையன்களுக்கு இங்கே பீர் கடையில் வெளிச்சம் போட்டு விற்பதே ஓர் அதிசயம்.

அந்த நாளில் மில் தொழிலாளர்களிடம் பெயர் வாங்கியது “கல்யாணி பிளாக் லேபிள்”. மேற்கு வங்காளத்தில் கல்யாணி என்ற ஊரில் பிறந்ததால் அந்தப் பெயர். பெரியவருக்குக் கல்யாணமான புதிது. ஷிப்டு முடிந்து வரும்போது ஒரு சிநேகிதர் வாசலில் நின்று, “இன்னிக்கு சாயந்திரம் கல்யாணி கிடைக்குமா?” என்று கேட்டுவிட்டார். உள்ளே இருந்த புதுப்பெண் காதில் அது விழுந்தது. இரண்டு நாள் சாப்பாடு கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் காலி பாட்டிலைக் கொண்டுவந்து லேபிளைக் காட்டிய பிறகுதான் சமாதானம் ஆயிற்று. “அந்தக் கல்யாணி, இந்தக் கல்யாணியை விட மோசம்” என்று அந்த அம்மாள் இப்போதும் சொல்கிறார்.

பீரும் தமிழர்களும் பெங்களூருக்கு வந்த வழி ஒன்றே. 1809-ல் இங்கே ஆங்கிலேயர்கள் கன்டோன்மெண்ட் அமைத்தார்கள். பட்டாளத்துக்குச் சாமான் கொடுக்க, கட்டிடம் கட்ட, வீட்டு வேலை பார்க்க, ஆற்காட்டுச் சீமையில் இருந்து தமிழர்கள் வந்து குடியேறினார்கள். அதே பட்டாளத்துச் சிப்பாய்களின் தாகத்துக்காகப் பீர் ஆலைகள் தோன்றின. 1915-ம் ஆண்டு தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவில் இருந்த 5 ஆலைகளை ஒன்றுசேர்த்து யுனைடெட் புரூவரீஸ் நிறுவனத்தை உண்டாக்கினார். 1947-ல் விட்டல் மல்லையா அதன் இயக்குனர் ஆனார். 1978-ல் “கிங்பிஷர்” வந்தது. 2021-ல் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்கு நெதர்லாந்து நாட்டு ஹைனகென் கைக்குப் போய்விட்டது. நகரின் நடுவே பழைய பீர் ஆலை இருந்த இடத்தில் இன்று யு.பி. சிட்டி என்ற மாளிகைக் கட்டிடம் நிற்கிறது. அதை ஒட்டிய சாலைக்கு விட்டல் மல்லையாவின் பெயர்.

வாழைப்பழ வாசம்

1980-களில் சர்ச் தெரு, பிரிகேட் சாலைப் பக்கம் பப்புகள் முளைத்தன. 2011-ல் இருந்து அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றும் சிறு ஆலைகள் வரத் தொடங்கின. மைக்ரோ புரூவரி என்கிறார்கள். ஏப்ரல் மாதம் ஒரு சனிக்கிழமை, நால்வரும் துவைத்து இஸ்திரி போட்ட சட்டையோடு அப்படி ஓர் இடத்துக்குப் போனார்கள். அங்கே சின்னச் சின்னக் கிளாசில் ஆறு வகையையும் ருசி பார்க்கக் கொடுக்கிறார்கள்.

கோதுமை பீரை முகர்ந்த தங்கவயல்காரர், “குரு, வாழைப்பழ எசன்ஸ் ஊத்திட்டாங்க!” என்றார். பரிமாறிய பையன் சிரித்துவிட்டு விளக்கினான். எசன்ஸ் ஒன்றும் இல்லை. அந்த ஈஸ்ட் புளிக்கும்போது தானாகவே வாழைப்பழ வாசமும் கிராம்பு வாசமும் உண்டாகுமாம்.

கன்னங்கரேல் என்று இருந்த ஸ்டவுட்டைக் குடித்த எழுத்தர், கண்ணை மூடிக்கொண்டார். “டிகிரி காப்பியில் பால் ஊத்த மறந்த மாதிரி இருக்கு” என்றார். கும்பகோணத்துக்காரர் கொடுக்கக்கூடிய பாராட்டு அதற்கு மேல் இல்லை.

“இந்தியா பேல் ஏல்” என்ற பெயரைப் பார்த்து, நம் நாட்டுச் சரக்கு என்று லேத்காரர் ஆசையோடு எடுத்தார். ஒரு வாய். “நிலவேம்புக் கஷாயம்ணே!” என்று வைத்துவிட்டார். 18-ம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் இருந்து இந்தியாவில் உள்ள வெள்ளைக்காரர்களுக்குக் கப்பலில் பீர் வந்தது. மாதக்கணக்கான பயணத்தில் கெடாமல் இருக்க ஹாப்ஸ் அதிகம் போட்டார்கள். அந்தக் கசப்புதான் இன்னும் அந்தப் பெயரில் நிற்கிறது. இந்தியா என்பது சரக்கு போய்ச் சேர்ந்த இடம், பிறந்த இடம் அல்ல.

பில் வந்தபோது நால்வருக்கும் குடித்தது இறங்கிவிட்டது. மொட்டை மாடியில் மூன்று சனிக்கிழமைக்கு ஆகும் செலவு, ஒரே மாலையில் போயிருந்தது.

பெரியவர் இல்லாத நாள்

ஏப்ரல் மாதக் கடைசியில் பெரியவர் ஒரு கல்யாணத்துக்காக வேலூர் போனார். மாடி பூட்டியிருந்தது. மற்ற மூவரும் மெஜஸ்டிக் பக்கம் ஒரு பாருக்குப் போனார்கள். ஒரு பாட்டில் நிபந்தனையைப் போட்டவர் ஊரில் இல்லை. வெயிலோ தாங்க முடியவில்லை. “பீர் தானே!” ஆளுக்கு இரண்டு ஸ்ட்ராங்.

தங்கவயல்காரர் மாரிக்குப்பம் போகும் நேரடி வண்டியைத் தவறவிட்டார். ஜோலார்பேட்டை பக்கம் போகும் அடுத்த வண்டியில் ஏறி, பங்காருபேட்டையில் இறங்கி பஸ் பிடிக்கலாம் என்று நினைத்தார். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. காற்று வந்தது. கண்ணை மூடினார். யாரோ தட்டி எழுப்பியபோது பலகையில் “குப்பம்” என்று இருந்தது. ஆந்திரா! பிளாட்பாரத்து சிமெண்டு பெஞ்சில் இரவைக் கழித்துவிட்டு, மறுநாள் காலையில் வீடு போய்ச் சேர்ந்தார். செல்போனில் சார்ஜ் இல்லை. மனைவியும் மகளும் இரவு முழுவதும் விழித்திருந்து, அக்கம்பக்கத்தில் எல்லாம் விசாரித்து, விடிந்ததும் போலீஸ் நிலையத்துக்குப் போகப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

லேத்காரருக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம். காலை 7 மணிக்கு பட்டறை. குளித்து, திருநீறு பூசி, பீன்யா போனார். தான் தெளிவாக இருப்பதாகத்தான் நினைத்தார். ஓடிக்கொண்டிருந்த சக்கில் சுருள் சுருளாக உலோகத் துருவல் சிக்கியது. கொக்கியால் இழுக்க வேண்டியதைக் கையால் இழுக்கப் போனார். பக்கத்து மெஷின் பையன் ஓடிவந்து சுவிட்சை அணைத்தான். கையுறை மட்டும் கிழிந்தது. மேஸ்திரி முகத்தருகே வந்து முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. கேட் பக்கம் கையைக் காட்டினார். இரட்டைச் சம்பளம் போயிற்று. விரல்கள் ஐந்தும் மிஞ்சின.

கணக்கு பேசுகிறது

“ராத்திரி ஒம்போது மணிக்குக் குடிச்ச பீர், காலையில எப்படி இருக்கும்?” இதுதான் லேத்காரருக்குப் புரியவில்லை. எழுத்தர் பேப்பரும் பேனாவும் எடுத்தார்.

பெரிய பீர் பாட்டில் 650 மில்லி. மைல்டு லேபிளில் “5 சதவீதம் வரை” என்று இருக்கிறது. அப்படியானால் அதில் உள்ள சுத்தமான ஆல்கஹால் 32 மில்லிக்குக் கொஞ்சம் மேலே. ஸ்ட்ராங் லேபிளில் “8 சதவீதம் வரை” என்று இருக்கிறது. 8 என்றே வைத்துக்கொண்டால் 52 மில்லி.

ஒரு லார்ஜ் விஸ்கி 60 மில்லி. அதில் ஆல்கஹால் 42.8 சதவீதம். கணக்குப் போட்டால் 26 மில்லிக்குக் கொஞ்சம் கீழே.

ஆகவே, ஒரு பாட்டில் ஸ்ட்ராங் பீர் என்பது இரண்டு லார்ஜ் விஸ்கி. இரண்டு பாட்டில் என்பது நாலு லார்ஜ். “நாலு லார்ஜ் அடிச்சுட்டு லேத்துக்குப் போவியா?” என்று எழுத்தர் கேட்டார். லேத்காரர் பதில் சொல்லவில்லை.

இன்னும் கேளுங்கள். ஈரல் ஒரு மணி நேரத்தில் சுமார் 10 மில்லி ஆல்கஹாலைத்தான் கழிக்கும். ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடும், குறையும். அவசரப்படுத்த வழி இல்லை. கறுப்புக் காப்பி, எலுமிச்சம்பழச் சாறு, பச்சைத் தண்ணீர்க் குளியல் எதுவும் அதை விரட்டாது. இரண்டு ஸ்ட்ராங்கில் இருப்பது 104 மில்லி. அது கழிய 10 மணி நேரம் வேண்டும். இரவு 9 மணிக்குக் கடைசிக் கிளாஸ் என்றால், காலை 7 மணிக்கும் ரத்தத்தில் மிச்சம் இருக்கலாம்.

இருசக்கர வண்டிக்காரர்களுக்கும் இதே கணக்குதான். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவின்படி குற்றம். 2019-ல் வந்த திருத்தத்தின்படி முதல் தடவைக்கே 10 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஊதச் சொல்லும் கருவி, பீரா விஸ்கியா என்று கேட்பதில்லை.

இந்தியாவில் விற்கும் பீரில் பெரும்பகுதி ஸ்ட்ராங்தான். ஏறக்குறைய அதே காசுக்கு அதிகப் போதை என்பதுதான் காரணம். லேபிளைத் திருப்பிப் பார்ப்பவர்கள் குறைவு.

ஒன்பதாவது கட்டம்

பீர் உடம்புக்குக் குளிர்ச்சி என்பது அடுத்த நம்பிக்கை. நோட்டின் ஒன்பதாவது கட்டம் அதற்குப் பதில் சொன்னது. மைல்டு குடித்த இரவு, எழுத்தர் தண்ணீருக்கு எழுந்தது ஒரு தடவை, இரண்டு தடவை. ஸ்ட்ராங் குடித்த இரவு, மூன்று தடவை, நான்கு தடவை. மே மாதம் ஒரு சனிக்கிழமை, பெரியவர் வீட்டு அம்மாள் பெருங்காயம், கறிவேப்பிலை, இஞ்சி தட்டிப் போட்டு ஒரு சொம்பு நீர்மோர் மாடிக்கு அனுப்பினார். அன்று பீர் வாங்கவில்லை. அன்றைய கட்டத்தில் பூஜ்யம்.

காரணம் எளிது. உடம்பில் தண்ணீரைத் தக்கவைக்கும் ஹார்மோனை ஆல்கஹால் அடக்கிவிடுகிறது. சிறுநீர் அதிகம் போகிறது. ஏற்கனவே வெயிலில் வியர்வையாகத் தண்ணீரை இழந்த உடம்பு இன்னும் வறண்டுபோகிறது. தொட்டுக்கொள்ளும் காராக்கடலையும் மிளகாய்க் கறியும் தாகத்தைக் கிளப்ப, அந்தத் தாகத்துக்கும் பீரையே ஊற்றுகிறோம்.

“கிட்னிக் கல்லுக்குப் பீர் மருந்து” என்று சொல்பவர்கள் எல்லாப் பட்டறையிலும் இருக்கிறார்கள். கல்லுக்கு டாக்டர்கள் சொல்வது தண்ணீர், நிறையத் தண்ணீர். பீர் யூரிக் அமிலத்தைக் கூட்டும். அதனாலும் ஒரு வகைக் கல் உண்டாகிறது. ஆல்கஹாலைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1988-லேயே சொல்லிவிட்டது. எந்த அளவும் பாதுகாப்பானது அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொன்னது. அந்த ஆல்கஹாலில் பீரில் இருப்பதும் சேர்ந்ததுதான்.

நோட்டின் கடைசிப் பக்கம்

மே மாதக் கடைசி சனிக்கிழமை எழுத்தர் மொத்தக் கணக்கைக் கூட்டினார். 14 வகை ருசி பார்த்தாயிற்று. தன் பங்குக்குச் செலவானதை ஒரு துண்டுத் தாளில் தனியாக எழுதி, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கோடை விடுமுறைக்கு மனைவி, பிள்ளைகளை ரெயிலில் கும்பகோணம் அனுப்பி அழைத்துவர ஆகும் செலவு அதற்குள் அடங்கியது. அந்த வருஷம் “கையில் காசு இல்லை” என்று சொல்லி அவர் அவர்களை அனுப்பவில்லை. மற்றவர்களிடம் அதை வாய்விட்டுச் சொன்னார். பெரியவர் அவர் தோளில் கையை வைத்துவிட்டு, வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

நால்வரில் யாரும் சத்தியம் எதுவும் செய்யவில்லை. ஆனால் லேத்காரர், மறுநாள் மெஷின் ஏறுவதாக இருந்தால் முதல்நாள் தொடுவதில்லை. தங்கவயல்காரர் ரெயில் ஏறும் முன்பு குடிப்பதை நிறுத்திவிட்டார். மற்ற நாளிலும் மைல்டு ஒன்று, அதுவும் சாப்பிட்டுவிட்டு. வெறும் வயிற்றில் ஏறும் வேகம் சோறு சாப்பிட்ட பிறகு ஏறுவதில்லை என்பதும் நோட்டில் இருக்கிறது. குடிக்காதவர்களுக்கு இதில் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. குடிப்பவர்கள் மூடியைத் திறக்கும் முன் லேபிளில் இருக்கும் அந்த ஒரு எண்ணையாவது படித்துவிடுவது நல்லது.

கோடை முடிந்து மழை தொடங்கியது. மாடியில் நாற்காலிகளை எடுத்து வைக்க வந்த பெரியவர் வீட்டு அம்மாள், நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். “இவ்வளவு அக்கறையா எழுதியிருக்கீங்களே, அடுத்த வருஷம் மாம்பழத்துக்கு எழுதுங்க. லால்பாக் மாம்பழச் சந்தைக்குப் போனா பாதாமி, ரசபூரி, செந்தூரம், மல்லிகா, பங்கனபள்ளின்னு அதிலேயும் இருக்கு பதினாலு வகை” என்றார்.

எழுத்தர் மறுப்புச் சொல்லவில்லை. நோட்டில் இன்னும் பாதிப் பக்கம் காலியாக இருக்கிறது. அதில் இப்போதே கோடு போட்டு வைத்திருக்கிறார். ஒன்பதாவது கட்டத்தை மட்டும் மாற்றிவிட்டார். “வீட்டுக்கு எத்தனை கிலோ வாங்கிப் போனது?”